இடபம் காவிய அருளானந்தன்

எங்கள் கோயிலில் இடப வாகனத்தின் முன் தோள் ஒன்பது வருடமாக அருளானந்தனுக்குத்தான். கோயில் என்றதும் கோபுரத்தை நினைக்க வேண்டாம். ஒஸ்லோவின் குரூருட் பக்கம், ஒரு டயர்க் கடைக்கும் ஒரு தச்சுப் பட்டறைக்கும் நடுவில், வாடகைக்கு எடுத்த மண்டபம். ஏழாம் திருவிழாவுக்கு அம்மன் இடபத்தில் ஏறி, கார்கள் நிறுத்துகிற வெளியை மூன்று தரம் சுற்றி வருவாள். ஊரிலிருந்து கப்பலில் வந்த மரமாடு, நல்ல பாரம். பதினாறு பேர் காவ வேண்டும். முன்னால் வலது தோள் கொடுக்கிறவர்தான் நடையைத் தீர்மானிக்கிறவர். அவர் நின்றால் மாடு நிற்கும், அவர் தடுமாறினால் அம்மன் சரிவாள். அந்த இடத்துக்கு வருகிறவர் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடக்கூடாது, குடிக்கக்கூடாது, பெயர் கெட்டிருக்கக்கூடாது. இது நாங்களே போட்ட சட்டம்.

அந்த இடத்தை அவர் இழந்ததற்குக் காரணம் நான். மற்றவர்கள் வேறு மாதிரிச் சொல்லுவார்கள். நான் நடந்ததைச் சொல்லுகிறேன்.

என் பெயர் தில்லைநாதன். வெஸ்ட்லியில் இருக்கிறேன், தபால் பிரிக்கிற இடத்தில் வேலை, கோயிலுக்குச் செயலாளர். சந்தேகப்படுவது என் பிறவிக் குணம். பால் பெட்டியில் திகதி சரியாக இருந்தாலும் மணந்து பார்த்துத்தான் தேத்தண்ணிக்கு ஊற்றுவேன். "உங்களைப் பொலிசிலை சேர்க்காமல் விட்டது நோர்வேக்கு நட்டம்" என்று என் மனுசி சொல்லுவாள். சொல்லட்டுமே. கதவைத் தட்டிப் பல்லைக் காட்டினவர்களை எல்லாம் நம்பியிருந்தால் இன்றைக்கு எங்கள் வீட்டில் தூசி உறிஞ்சுகிற மெஷின் மூன்று நின்றிருக்கும்.

அருளானந்தன் எண்பத்தெட்டில் வந்தவர். முதல் ஏழு வருடம் வடக்கே பொத்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலை. மச்சம் தொடாத மனுசன், நாள் முழுக்க மீன் வெட்டிப்போட்டு, அறைக்கு வந்து தலை முழுகி, பருப்பும் சோறும் சமைத்துச் சாப்பிட்டவர். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பாண் சுடுகிற தொழிற்சாலையில் சேர்ந்தார். புருசெத்தில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "நேரம் கிடைக்கேல்லை" என்பார். நல்ல உயரம், அதனால்தான் முன் தோள். அதிகம் கதைக்க மாட்டார். கோயிலில் ஆளுக்காள் கத்தத் தொடங்கினால் அவர் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கிவிடுவார். என் அனுபவத்தில், கதைக்காத ஆட்களிடம்தான் விசயம் இருக்கும்.

ஆனால் ஏழாம் திருவிழா அன்றைக்கு அந்த மனுசனைப் பார்க்க வேண்டும். இடபத்தின் முன்னங்காலில் கையை வைத்து, "வெளிக்கிடுவமே ராசா?" என்று மாட்டிடம் கேட்டுவிட்டுத்தான் தோள் கொடுப்பார். முகம் முழுக்கச் சிரிப்பாக இருக்கும். வருடத்தில் வேறு ஒரு நாளும் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. பெண்சாதி பிள்ளை இல்லாத மனுசனுக்கு அந்த ஒரு மணித்தியாலம்தான் எல்லாம். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

ஒவ்வொரு வருடமும் ஜூன் கடைசியில் அவர் ஒரு கிழமை துரொண்ட்ஹெய்முக்குப் போவார். அங்கே அவருடைய அக்கா இராசமணி இருக்கிறார். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டும் போனார். திரும்பி வந்தபோது பார்த்தேன், கழுத்துக் கருகி, மூக்கில் தோல் உரிந்து நிற்கிறார். எனக்குப் பொறி தட்டியது.

"அண்ணை, துரொண்ட்ஹெய்மிலை நல்ல வெயிலோ?"

"ஓம், பரவாயில்லை."

"கிழமை முழுக்க மழை எண்டெல்லோ செய்தியிலை சொன்னாங்கள்?"

"இடைக்கிடை பெய்தது" என்றுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். காலையும் கொஞ்சம் இழுத்து நடந்தார். போன வருடமும் ஜூலையில் இப்படித்தான் இழுத்தவர், பனியில் வழுக்கியது என்று சொன்னவர். ஜூலையில் எந்தப் பனி ஐயா?

விடுவேனா? இராசமணியக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். திருவிழாவுக்கு வருகிறீர்களோ என்று கேட்பதுபோலத் தொடங்கி, "தம்பி வந்து நிண்டவராம்?" என்று மெல்லமாகப் போட்டேன்.

"ஆர், அருளோ? அவன் இஞ்சை வந்து அஞ்சு வருசமாகுது, தம்பி. நீங்களாவது சொல்லுங்கோ, அக்கா ஒருத்தி இருக்கிறாள் எண்டு."

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சந்தேகம் சரி என்று தெரியவருகிற சந்தோசம். பொய் பிடிபட்டுவிட்டது. இனி உண்மை எங்கே என்று தேட வேண்டியதுதான்.

தேடவும் தேவைப்படவில்லை. கோயிலின் பெரிய அண்டாக்களை அருளானந்தனின் பூட்டில்தான் வைத்திருந்தோம். பூட் என்றால், அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்கிற சாமான் அறை. திருவிழாவுக்கு அண்டா எடுக்க நான் போன நேரம் அவர் வேலையில் நின்றார், கதவுத் திறப்பை முதல் நாளே வாங்கிவிட்டேன். அண்டாவை இழுக்க, அதன் பின்னால் நின்ற கடதாசிச் சுருள் ஒன்று உருண்டு வந்து காலடியில் விழுந்தது. விரித்துப் பார்த்தேன்.

மாட்டுச்சண்டைப் போஸ்டர். கறுத்த மாடு ஒன்று தலையைக் குனிந்து பாய்கிறது. மினுங்குகிற உடுப்புப் போட்ட ஒருவன் சிவப்புத் துணியை விரித்துக்கொண்டு நிற்கிறான். மேலே ஸ்பெயினில் இருக்கிற அலிகாந்தே நகரத்தின் பெயர், ஜூன் மாதத் திகதி, ஆறு மாடுகள் என்று கணக்கு. கீழே, சண்டை செய்யப்போகிறவர்கள் மூன்று பேரின் பெயர் பெரிய எழுத்தில். மேலும் கீழும் ஸ்பானியப் பெயர்கள். நடுவில், எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாமல், அருளானந்தன்.

நிலக்கீழ் அறையில் அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு மாடு, மூன்று பேர். ஆளுக்கு இரண்டு. வருடத்துக்கு இரண்டு என்றால் ஐந்து வருடத்தில் பத்து மாடு! ஐம்பத்தாறு வயதும் தொந்தி வண்டியும் வைத்திருக்கிற மனுசன் எப்படி மாட்டோடு சண்டை பிடிப்பார் என்று ஒரு மூளை கேட்டது. கால் இழுத்ததை மறந்துபோனாயோ என்று மற்ற மூளை கேட்டது. எனக்கு இரண்டாவது மூளைதான் எப்போதும் வேலை செய்கிறது. நொக்கியாவை எடுத்துப் படம் பிடித்தேன்.

அன்று பின்னேரமே கோயில் தலைவர் சிறீஸ்கந்தராசாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"சிவசிவா! இடபத்தைக் காவுற ஆள் இடபத்தைக் கொல்லுறாரோ?"

"எனக்கும் நம்பேலாமல்தான் கிடக்கு" என்றேன். பொய். நான் பூட்டிலேயே நம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அது எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. ஒருவர் அவருக்கு ஸ்பெயினில் ஒரு பெண் இருக்கிறாள் என்றார். ஒருவர் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டார் என்றார். கொன்ற மாட்டின் காதை வெட்டிப் பரிசாகக் கொடுப்பார்களாம், வீட்டில் வைத்திருக்கிறாராம் என்று என்னிடமே வந்து சொன்னார்கள். பஸ் ஓடுகிற பிலேந்திரன், "அவர் அவிச்ச பொங்கலை எல்லோ இவ்வளவு காலமும் சாப்பிட்டனாங்கள்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அருளானந்தன் மண்டபத்துக்குள் வந்தால் கதை நிற்கும். அவர் எல்லாரையும் ஒருதரம் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போவார். ஏன் என்று ஒருவரையும் கேட்கவில்லை. அதையும் நான் குற்றவாளியின் அடையாளம் என்றே எடுத்தேன்.

அடுத்த கிழமை புருசெத் கடைத்தொகுதியில் கிளெமென்றைக் கண்டேன். பாசையூர் ஆள், அருளானந்தனோடு பாண் தொழிற்சாலையில் வேலை. படத்தைக் காட்டினேன். அவன் பார்த்தான், குடித்த கோப்பி மூக்கால் வருமளவுக்குச் சிரித்தான்.

"அடப்பாவி மனுசா! உது அங்கை றோட்டிலை விக்கிற சாமான். பேரைச் சொன்னால் நிண்ட நிலையிலை அடிச்சுத் தருவாங்கள். என்ரை மச்சான்ரை வீட்டிலையும் ஒண்டு தொங்குது, அவரும் மாட்டுச்சண்டைக்காரனோ? ஒரு பூனையைக் கண்டாலே விலகிப் போறவர்."

எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் விடவில்லை.

"அப்ப ஏன் துரொண்ட்ஹெய்ம் எண்டு பொய் சொன்னவர்? ஏன் வருசா வருசம் அங்கை போறவர்?"

கிளெமென்ற் சிரிப்பை நிறுத்தினான். "அதை அவரைத்தான் கேக்கவேணும். என்னட்டைக் கேக்காதையுங்கோ" என்றான்.

நேரே மூன்றாம் மாடிக்கு ஏறினேன். அருளானந்தன் கதவைத் திறந்தார், என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. தேத்தண்ணி வைத்தார். சுவரில் சாமிப்படம் ஒன்றும் கலண்டர் ஒன்றும்தான். மாட்டுக் காதைக் காணவில்லை. நான் தேடிப் பார்த்தேன், அதை மறைக்க மாட்டேன்.

"ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்?"

"மாடு கொல்லுற இடத்துக்குப் போறன் எண்டு கோயிலிலை சொல்லட்டே?"

"அப்ப போறது உண்மை."

"ஓம். போறனான்." தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினார். "முதல்தரம் வேலைத்தல ஆக்களோடை கடல் பாக்கப் போனது. ஒருநாள் பின்னேரம் பஸ்ஸிலை ஏத்திக்கொண்டுபோய் விட்டாங்கள். உள்ளுக்கை போய் இருக்குமட்டும் எனக்கு என்னெண்டே தெரியாது. குதிரையிலை வாறவன் ஈட்டியாலை குத்துறான். பிறகு கலர்க் கடதாசி சுத்தின ஊசித் தடியளை முதுகிலை ஏத்துறாங்கள். ஒரு பக்கத்தாலை பாண்ட் வாசிக்குது. கடைசியிலை ஒருத்தன் வந்து துணியைக் காட்டிக் காட்டி வாளை இறக்குறான். நான் கக்கூசுக்குள்ளை போய்ச் சத்தி எடுத்தன்."

"பிறகேன் பேந்தும் பேந்தும் போறியள்?"

"நாலாவது மாட்டாலை. அது களைக்கேல்லை, தில்லை. எவ்வளவு குத்தினாலும் திரும்பித் திரும்பி வருது. அப்ப முன் வரிசையிலை ஒரு தடிச்ச மனுசி எழும்பி முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்து ஆட்டினா. பிறகு பக்கத்திலை இருந்தவர். பிறகு முழுச் சனமும். பத்தாயிரம் வெள்ளை லேஞ்சி. விடு, விடு எண்டு கத்துதுகள். மேலை ஒரு பெரியவர் இருக்கிறவர், அவர்தான் தீர்ப்பு. கனநேரம் யோசிச்சார். பிறகு செம்மஞ்சள் லேஞ்சி ஒண்டை எடுத்துத் தொங்கவிட்டார். மாட்டை உயிரோடை உள்ளுக்கை விட்டிட்டாங்கள். மருந்து போட்டுப் பண்ணைக்கு அனுப்புவினமாம். இனிச் சாகுமட்டும் ஒருத்தரும் அதிலை கைவைக்கேலாது."

அவர் கலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் ஊரிலையிருந்து வெளிக்கிடுறதுக்கு முதல் வருசம் ஆமி எங்களை வளைச்சுப் பள்ளிக்கூட மைதானத்திலை இருத்தினது. முந்நூறு பேர். ஜீப்புக்குள்ளை ஆக்களைக் காட்டிக்குடுக்கிற தலையாட்டி, சாக்காலை முகத்தை மூடிக்கொண்டு, கண்ணுக்கு மட்டும் ஓட்டை. ஒவ்வொருத்தரா அவனுக்கு முன்னாலை நடக்கவேணும். தலை ஆடினால் ஆள் முடிஞ்சுது. என்ரை தம்பி நடக்க அந்தத் தலை ஆடினது. பத்தொன்பது வயசு. உவன் ஒண்டும் செய்யாதவன் எண்டு அந்த முந்நூறு பேருக்கும் தெரியும். வெயிலுக்கு எல்லாரும் தலையிலை லேஞ்சி போட்டுக்கொண்டு இருந்தனாங்கள். ஒருத்தரும் எழும்பேல்லை. நானும் எழும்பேல்லை."

தேத்தண்ணி ஆறிப்போனது.

"அந்த நாலாவது மாட்டுக்குப் பிறகு அஞ்சு ஜூனும் போனனான். முப்பது மாட்டுக்குக் கிட்டப் பாத்திட்டன். ஒண்டையும் விடேல்லை. நான் எழும்பி லேஞ்சியை ஆட்டுவன். பக்கத்திலை இருக்கிறதுகள் சிரிக்கும். போன வருசம் ஒருத்தன் இருடா எண்டு இழுக்க, கல்லுப் படியிலை விழுந்து முழங்கால் போனது. இந்த வருசமும் அதே கால்தான் பிரண்டது. போஸ்டர் ஒரு கிழவன் வாசலிலை அடிச்சுத் தந்தது, வேண்டாமெண்டு சொல்லப் பாசை தெரியேல்லை. எறியவும் மனம் வரேல்லை, என்ரை பேரெல்லோ." என்னைப் பார்த்தார். "தம்பியின்ரை கதையை ஒருத்தருக்கும் சொல்லாதையும். அது என்னோடை இருக்கட்டும்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். படியிறங்கும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. நானே பற்றவைத்ததை நானே அணைப்பேன் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கக் கமிட்டி கூடியது. அருளானந்தனோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். போஸ்டர் வெறும் விளையாட்டுச் சாமான் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். அது வரைக்கும் சரியாகத்தான் செய்தேன். எல்லோரும் கொஞ்சம் ஏமாந்துபோன மாதிரிப் பார்த்தார்கள். பிறகு தலைவர் கேட்டார்.

"கொல்லேல்லை, சரி. ஆனால் போய்ப் பாத்தனீங்களோ?"

"ஓம். பாத்தனான்" என்றார் அருளானந்தன்.

"ஒருக்காவோ?"

"ஆறு தரம்."

"ஏன்?"

அருளானந்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாட்டைச் சித்திரவதை செய்யிறதை ஆறு தரம் பாத்த ஆள், அக்கா வீடு எண்டு எங்களுக்குப் பொய் சொன்ன ஆள். அவரை இடபத்துக்கு முன்னாலை விடலாமோ? இவருக்காக ஆராவது கதைக்கிறதெண்டால் கதையுங்கோ" என்றார் தலைவர்.

நான் அவருடைய தம்பியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. "எனக்குக் காரணம் தெரியும், அது பிழையான காரணம் இல்லை, அவரை விடுங்கோ" என்றால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உடனே என் பழைய புத்தி எழும்பியது. பற்றவைத்தவனே இப்போது அவர் பக்கம் கதைத்தால் என்ன நினைப்பார்கள்? இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்பார்கள். செயலாளர் ஒரு நாளைக்கு ஒரு கதை கதைக்கிறார் என்பார்கள். வேறு யாராவது தொடங்கட்டும், நான் பின்னால் சேர்ந்துகொள்ளுவேன் என்று இருந்தேன். பிலேந்திரன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவர் வெளியில் மழையைப் பார்த்தார். ஒருவரும் தொடங்கவில்லை.

"அப்ப இந்த வருசம் வேண்டாம்" என்றார் தலைவர். "அந்த உயரத்துக்கு இனித் தில்லைதான் இருக்கிறார். என்ன தில்லை?"

நான் "சரி" என்றேன். கடவுளே, அந்த "சரி" மட்டும் எப்படி உடனே வந்தது!

ஏழாம் திருவிழா அன்றைக்கு அருளானந்தன் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வெள்ளை வேட்டியோடு அடுப்படியில் நின்று அண்டா கழுவினார். அம்மன் இடபத்தில் ஏறினாள். நாதஸ்வரம் தொடங்கியது. நான் முன் வலது பக்கம் போய்த் தண்டுக்குக் கீழே தோளை வைத்தேன். எனக்குப் பின்னால் நின்ற பிலேந்திரன், பக்கத்தில் நின்றவருக்குச் சொல்லுவதுபோல எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

"இப்பவெல்லோ விளங்குது. மனுசன் போஸ்டரைத் தேடிப் பிடிச்சது, படம் எடுத்தது, அக்காவுக்கு ரெலிபோன் அடிச்சது, எல்லாம் இந்தத் தோளுக்குத்தான்."

சிலர் சிரித்தார்கள். பெண்கள் பக்கமும் கேட்டிருக்க வேண்டும், அங்கே கதை நின்றது. அப்படி நான் நினைத்ததே இல்லை, அம்மன்மேல் ஆணை. ஆனால் எப்படி நிரூபிப்பது? நான் தலைவரைப் பார்த்தேன். அவர் அம்மனின் மாலையைச் சரிசெய்தார். என் மனுசியைப் பார்த்தேன், அவள் நிலத்தைப் பார்த்தாள். பதினைந்து பேர் தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், என்னோடு பல வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"அது பொய்."

அடுப்படி வாசலில் இருந்து வந்தது சத்தம். அருளானந்தன் ஈரக் கையோடு நின்றார். அவர் உரத்துக் கதைத்து நான் கேட்டதே அன்றைக்குத்தான்.

"தில்லையை எனக்குத் தெரியும். உதுக்காகச் செய்யிற ஆள் இல்லை அவர். சும்மா கதையாதையும், பிலேந்திரன்."

பிலேந்திரன் வாயை மூடினான். நான் "அண்ணை, நீங்கள் வாங்கோ, இது உங்கடை இடம். நான் எல்லாருக்கும் சொல்லுறன், இப்பவே சொல்லுறன்" என்று தண்டை விட்டு விலகப் பார்த்தேன். அவர் கிட்ட வந்து என் தோளை அமத்திப் பிடித்தார்.

"ஒண்டும் சொல்லவேண்டாம். எல்லாரும் தோள் குடுத்திட்டினம், நீர் விலகினால் அம்மன் சரிஞ்சுபோவா. தூக்கும்."

தூக்கினோம். மூன்று சுற்றும் நான் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டே காவினேன். பார்த்துக்கொண்டு நின்ற சனம் அதைப் பக்தி என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டது.